புது ரைபிளில் ரவை ஏறாமல் சிக்குகிறது, அவசரம்

ஓஷவா_தம்பி
வணக்கம். போன கிழமை வாங்கிய ரைபிள். ரவை (தோட்டா) மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது. சில நேரம் ஏறுகிறது, சில நேரம் இல்லை. இங்கே கனடாவில் மான் வேட்டை சீசன் வரப்போகிறது. கடையில் தொலைபேசியை எடுக்கிறார்கள் இல்லை. தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

காவலூரான்
தம்பி, என்ன ரைபிள்? என்ன ரவை? கைப்பிடியால் இழுத்துத் தள்ளும் போல்டா, முன்கட்டையை இழுத்துத் தள்ளும் பம்பா, சுட்டதும் தானே அடுத்த ரவை ஏற்றும் செமியா? ஒன்றுமே எழுதவில்லையே.

மூஸ்வேட்டை
புது ரைபிள் என்றால் முதலில் தொழிற்சாலை கிரீஸைத் துடைத்தீர்களா? இங்கே ஆல்பர்ட்டாவில் நவம்பர் குளிரில் அது மெழுகாக உறைந்துவிடும். நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் கிரீஸ்தான். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்.

ரேஞ்ச்_ராஜா
இரும்புக் கோது (குண்டும் மருந்தும் அடைத்த கூடு) ரவையாக இருக்கும். அதிலுள்ள அரக்குப் பூச்சு சூட்டில் உருகி அறையில் (குழாயில் ரவை உட்காரும் இடத்தில்) ஒட்டும் என்று சொல்வார்கள். பித்தளைக் கோது வாங்கிப் பாருங்கள்.

எட்மண்டன்_செல்வி
ரேஞ்ச்_ராஜா, அரக்கு ஒட்டினால் கோது வெளியே வராமல் சிக்கும். இவர் சொல்வது உள்ளே போகும் பிரச்சினை. இரண்டும் வேறு.

பழையதுவக்கு
ஆறு மாதத்துக்கு ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். தேடிப் பார்த்துவிட்டு எழுதலாம். காரணம் ஒன்றுதான்: போல்டை முழுதாகப் பின்னால் இழுப்பதில்லை. பாதியில் தள்ளினால் அடுத்த ரவையின் பின்பக்கத்தைப் போல்ட் பிடிக்காது. இதெல்லாம் பாதுகாப்பு வகுப்பில் கவனித்திருக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் லைசன்ஸ் கார்டு வந்தவுடன் காட்டுக்குப் போக வேண்டும்.

காவலூரான்
போல்ட் ரைபிளா என்றே அவர் இன்னும் சொல்லவில்லை அண்ணை.

ஓஷவா_தம்பி
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். போல்ட்தான். ரவை அளவு 7.62×39. என்னிடம் உள்ள எஸ்.கே.எஸ்.ஸுக்கு (பழைய சோவியத் செமி ரைபிள்) வாங்கிய பழைய செக் நாட்டு ரவை. பெட்டியோடு கிடக்கிறது. கம்பெனிப் பெயர் வேண்டாம், சொன்னால் பிறகு அதைப் பற்றித்தான் கதைப்பீர்கள். போல்டை முழுக்கத்தான் இழுக்கிறேன்.

மூஸ்வேட்டை
அந்தப் பழைய ரவையோடு மானுக்குப் போகிறீர்களா? அது முழு உறை போட்ட ராணுவக் குண்டு, விரியாது. ஆல்பர்ட்டாவில் பெரிய விலங்குக்கு விரியாத குண்டு கூடாது. உங்கள் மாகாண விதிப்புத்தகத்தைப் பாருங்கள். விதி எப்படி இருந்தாலும், காயத்தோடு ஓடும் மானைத் தேடுவது பாவம். பட்டால் விரியும் மென்முனைக் குண்டு 123 கிரெயின் எடையில் கிடைக்கிறது, ஒரு பெட்டி போதும். அப்புறம் தெற்கு ஒன்டாரியோவின் சில பகுதிகளில் மான் சீசனுக்கு ரைபிளே கூடாது; ஷாட்கன், குழாய் வாய்வழி மருந்து திணிக்கும் மஸில்லோடர்தான். எந்தப் பகுதி?

ரேஞ்ச்_ராஜா
பழைய செக் ரவையின் பிரைமர் (அடியில் தீமூட்டும் மூடி) உப்பு விடும். சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் புதுக் குழாய் துருப்பிடித்துப் போகும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்புக் கரையாது. எங்கள் ரேஞ்சில் குண்டிலே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எட்மண்டன்_செல்வி
இதெல்லாம் சரி, ஆனால் சிக்கலுக்குப் பதில் இல்லை. தம்பி, ரவை அடுக்கும் மகசின் எது? ரைபிளோடு வந்ததா, வேறா? அதில் ஏதாவது பொறித்திருக்கிறதா? ஒரு தடவைக்கு எத்தனை ரவை போடுகிறீர்கள்? ஐந்து போட்டால் எத்தனையாவது சிக்குகிறது? இரண்டு மட்டும் போட்டுப் பாருங்கள். வீட்டில் பார்ப்பதாக இருந்தால் மருந்தில்லாத டம்மி ரவையோடு மட்டும்.

பழையதுவக்கு
முதலில் ஒரு கேள்வி. எஸ்.கே.எஸ். கையில் இருக்கும்போது அதே ரவைக்கு எதற்கு ஒரு போல்ட் ரைபிள்? காசு கூடிப் போய்விட்டதா?

காவலூரான்
அதிலே என்ன புதிர்? எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். 2020 மே 1இல் 1,500க்கு மேல் துவக்கு மாடல்கள் மத்திய அரசின் ஒரே ஆணையில் தடைப்பட்டன. 2024 டிசம்பரில் இன்னும் 324. 2025 மார்ச்சில் 179. மூன்று பட்டியலிலும் எஸ்.கே.எஸ். இல்லை, ஆனால் அதைப் பரிசீலிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வடக்கில் பழங்குடி மக்கள் சாப்பாட்டுக்கு வேட்டையாடுவது அதை வைத்துத்தான், அதனால்தான் தொடத் தயங்குகிறார்கள். ஒரு காலத்தில் 200 டொலருக்குள் வாங்கிய சாமான். நாளைக்கு அது போனாலும் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் ரவைக்கு ஒரு துவக்கு வேண்டாமா?

மூஸ்வேட்டை
அதற்காக ஏன் போல்ட்? பம்ப் நல்லது. ரெமிங்டன் 7600ஐ நாற்பது வருஷமாகக் காட்டில் தூக்கித் திரிகிறார்கள். கை எடுக்காமல் அடுத்த தோட்டா. 7.62×39இல் எளிய பம்ப் ஒன்றை 800 டாலருக்குள் யாராவது செய்தால் அடுத்த நாளே வரிசையில் நிற்பேன்.

ரேஞ்ச்_ராஜா
பம்ப் வேண்டாம், நேராக இழுக்கும் போல்ட் வேண்டும். திருப்பத் தேவையில்லை, இழு, தள்ளு, முடிந்தது. ஐரோப்பாவில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பழையதுவக்கு
நேர் இழுப்பா! இந்த நாடு அதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. ராஸ் ரைபிள், கியூபெக் நகரில் தொழிற்சாலை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் போல்ட் இறுகி, பையன்கள் காலால் உதைத்துத் திறந்தார்கள். மூன்றாம் மாதிரியில் போல்டைத் தவறாகக் கோத்தால் பூட்டாமலே வெடித்து முகத்துக்கு வரும். 1916இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பிரிட்டனின் லீ என்ஃபீல்ட் கொடுத்தார்கள். வரலாறு தெரியாமல் ஆசைப்படக் கூடாது.

எட்மண்டன்_செல்வி
ராஸ் நூறு வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்பு. அதன் அறை இறுக்கமானது, அன்றைய ரவையின் அளவு ஒரே சீராக இல்லை, போல்டைத் தடுக்கும் நிறுத்தி அதன் பின் பூட்டுப் பல்லில் மோதி மோதி நசுக்கியது. நேர் இழுப்பு என்பதே கூடாது என்பதற்கு அது சான்று ஆகாது. ஜெர்மன் கம்பெனி பிளேசர் இன்றைக்கும் நேர் இழுப்பு ரைபிள் விற்கிறது. அதன் விலைதான் வேறு கதை.

பழையதுவக்கு
விலைதான் கதை என்றால் லீ என்ஃபீல்டுக்கே வாருங்கள். உலகத்தின் மிக வேகமான போல்ட், பத்து ரவை. ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே லாங் பிராஞ்சில் போர்க் காலத்தில் இலட்சக்கணக்கில் செய்தார்கள். அதையே .308இல் (7.62 நேட்டோவின் வேட்டை வடிவம்) செய்தால் போதும். இந்தியாவில் இஷாபூரில் செய்யவில்லையா? நான்காம் எண் என்ஃபீல்டை 7.62 நேட்டோவுக்கு மாற்றி 2ஏ1 என்று விட்டார்கள்.

மூஸ்வேட்டை
இஷாபூர் 2ஏ1 நான்காம் எண் இல்லை சார். பழைய முதலாம் எண், மூன்றாம் மாதிரியின் உடல்தான், உருக்கை மட்டும் மாற்றினார்கள். மகசின் 12 தோட்டா.

பழையதுவக்கு
நான் சொன்னது என்ஃபீல்ட் குடும்பம் என்ற பொருளில்.

மூஸ்வேட்டை
நான்காம் எண் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மேலே அப்படியே இருக்கிறது.

பழையதுவக்கு
சிலருக்கு எண் பார்ப்பதுதான் வேலை. ஊரில் துவக்கைக் கண்ணால் கண்டிராதவர்கள் இங்கே வந்து பாடம் எடுக்கிறார்கள்.

காவலூரான்
ஊர்க் கதையை இதற்குள் கொண்டுவர வேண்டாம் அண்ணை. இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு நினைவுகள் உண்டு. மான் வேட்டையைப் பற்றி மட்டும் கதைப்போம்.

நிர்வாகி
ஆமாம். இந்த இழை, ரவை சிக்குவதைப் பற்றியது. இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன்.

ஓஷவா_தம்பி
செல்வி அக்கா, நீங்கள் சொன்னபடி டம்மி வாங்கிப் பார்த்தேன். இரண்டு போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்து போட்டால் முதலாவதே குத்துகிறது, கடைசி இரண்டும் ஒழுங்காக ஏறுகிறது. மகசின் கடையில் சும்மா தந்தது. அடியில் .223 என்று இருக்கிறது. ரைபிளுக்குள் நன்றாகப் பொருந்துகிறது, அதனால்தான் அதைப் பற்றி எழுதவில்லை.

எட்மண்டன்_செல்வி
அதுதான் காரணம். உங்கள் ரைபிளின் மகசின் குழி ஏ.ஆர்.-15 ரைபிளின் அளவில் செய்தது, அதன் ரவை .223. அதனால் .223 மகசின் உள்ளே பொருந்தும். ஆனால் .223 கோது ஏறக்குறைய நேரானது, 7.62×39 கோது அடியில் தடித்து மேலே சரியும். அடிப்பக்கம் 11.3 மி.மீ., .223க்கு 9.6 மி.மீ.தான். சரிவான கோதுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே முன்னால் வளையும். ஏ.கே.-47 மகசின்கள் வளைந்திருப்பது அதற்காகத்தான். நேர் மகசினில் ஒவ்வொரு ரவைக்கும் மூக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். இரண்டு போட்டால் தெரியாது, ஐந்து போட்டால் மேலே இருப்பது அறையின் வாசல்படியில் குத்தும். 7.62×39 என்றே பொறித்த மகசின் ஒன்று வாங்குங்கள். மகசின் உதட்டை வளைப்பது, வாசல்படியை அரம் போட்டு ராவுவது எதுவும் செய்யாதீர்கள்.

காவலூரான்
வாங்கும்போது ஐந்துதான் வரம்பு, அது நினைவிருக்கட்டும். ரைபிள் போல்ட் என்பதால் பத்து போடலாம் என்று சிலர் சொல்வார்கள். மகசின் எந்தத் துவக்குக்காகச் செய்யப்பட்டதோ அதை வைத்துத்தான் சட்டம் பார்க்கிறது. செமிக்குச் செய்த மகசினை எதில் போட்டாலும் ஐந்துதான்.

பழையதுவக்கு
மகசின் என்று நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன்.

ரேஞ்ச்_ராஜா
😂

புதுமுகம்_ரவி
நடுவில் வருகிறேன். இவ்வளவு பேர் கேட்கிறார்கள், கனடாவில் துவக்கு லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேல். ஏன் யாரும் நமக்கென்று மலிவாக ஒன்று செய்வதில்லை?

காவலூரான்
நல்ல கேள்வி. என்னிடம் கேட்டால் எனக்கு வேண்டியது இதுதான்: 7.62×39, சாதாரண போல்ட், உடலோடு நிலையாக இருக்கும் வளைந்த பத்து ரவை மகசின், மேலே எஸ்.கே.எஸ். கிளிப்பைச் (ரவைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை) செருக ஒரு காடி, குறிபார்க்க இரும்புக் குறிமுனை, 20 அங்குலக் குழாய். போல்ட் துவக்குக்கென்றே செய்த மகசினுக்கு ஐந்து என்ற வரம்பு இல்லை. தனி மகசின் தேடி அலைய வேண்டாம், இந்தத் தம்பியின் பிரச்சினையும் வராது. 700 டொலர்.

மூஸ்வேட்டை
கிளிப் காடி வைத்தால் ஸ்கோப் எங்கே வைப்பது? ஐம்பது வயதுக் கண்ணுக்கு இரும்புக் குறிமுனையில் மானும் தெரியாது, மரமும் தெரியாது.

காவலூரான்
குழாயின் மேல் முன்னால் வையுங்கள். குறைந்த பெருக்கம் போதும், இந்த ரவை 150 மீட்டருக்கு மேல் எதற்கு?

மூஸ்வேட்டை
முன்னால் வைத்த ஸ்கோப்பில் மாலை வெளிச்சம் பின்னால் அடித்தால் ஒன்றும் தெரியாது. மான் வருவதே அந்த நேரம்தான்.

எட்மண்டன்_செல்வி
ரவி கேட்டதற்கு வருகிறேன், நான் லேத் பட்டறையில் வேலை செய்பவள். செமி வடிவமைக்க இன்றைக்கு எவனும் காசு போடமாட்டான். 2023 டிசம்பர் 15க்குப் பிறகு புதிதாக வடிவமைக்கிற சென்டர்ஃபயர் (பிரைமர் அடியின் நடுவில் உள்ள ரவை) செமி, ஆறு அல்லது அதற்கு மேல் கொள்ளும் கழற்று மகசினுக்கென்று இருந்தால் நேரே தடைப்பட்டியல்தான். மிஞ்சுவது கையால் இயக்குவது. அதை மலிவாகச் செய்ய வழி 1958லேயே சாவேஜ் 110 என்ற அமெரிக்க போல்ட் ரைபிளில் இருக்கிறது. உருண்டைக் கம்பியில் கடைந்த உடல், குழாயைப் பூட்ட ஒரு நட்டு. அந்த நட்டு இருப்பதால் அறை இடைவெளியைக் கைத்தேர்ச்சியுள்ள ஆள் உட்கார்ந்து ராவிச் சரி செய்ய வேண்டியதில்லை, கேஜை வைத்து இறுக்கினால் முடிந்தது. போல்டின் தலை தனித் துண்டு, அதையும் குழாயையும் மாற்றினால் .223க்கும் 7.62×39க்கும் ஒரே உடல். பம்ப், நேர் இழுப்பு எதிலும் இவ்வளவு சுலபம் கிடையாது. காவலூரான் அண்ணை கேட்பதில் செலவு வைப்பது மகசின் பெட்டிதான். வளைந்த தகட்டு வேலைக்கு அச்சு செய்ய வேண்டும், சில நூறு ரைபிளுக்கு அந்தக் காசு திரும்பாது.

புதுமுகம்_ரவி
அப்போது கனடாவில் செய்யவே முடியாதா?

எட்மண்டன்_செல்வி
செய்கிறார்களே. சாவேஜின் .22 ரைபிள்கள் ஒன்டாரியோவில் லேக்ஃபீல்டில்தான் வருகின்றன. கோபர்க்கில் கூயி என்ற கம்பெனி ஒரு காலத்தில் ஒற்றை ரவை .22ஐப் பண்ணைக்குப் பண்ணை விற்றது. வடக்கில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்ஸ் படையின் சி19 ரைபிளை, பின்லாந்து டிக்காவின் உரிமத்தில், கிச்சனரில் செய்தார்கள். ஆர்டர் நிச்சயம் என்றால் தொழிற்சாலை ஓடும்.

மூஸ்வேட்டை
சி19இன் பொதுமக்கள் வடிவம் கடையில் இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

காவலூரான்
கூயி மாதிரி ஒன்று திரும்ப வந்தால் என் மகளுக்கு வாங்குவேன். மானுக்கு .22 கூடாது, ஒன்ராறியோவில் ரிம்ஃபயரை (விளிம்பில் தீமூட்டும் .22 போன்ற ரவை) மானுக்கு எடுக்க முடியாது. ஆனால் முயலுக்கும் பழகுவதற்கும் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஓஷவா_தம்பி
மகசின் மாற்றினேன். ஐந்தும் ஏறுகிறது. மென்முனை ரவையும் வாங்கினேன். நன்றி அக்கா.

மூஸ்வேட்டை
எந்தப் பகுதியில் வேட்டை என்று இன்னும் சொல்லவில்லையே? ரைபிள் அனுமதி உள்ள இடமா?

மூஸ்வேட்டை
தம்பி?

பழையதுவக்கு
அவர் போய்விட்டார். செல்வி, அந்த நட்டு வேலையை என்ஃபீல்ட் உடலுக்குச் செய்ய முடியுமா? சும்மா கேட்கிறேன்.

எட்மண்டன்_செல்வி
என்ஃபீல்டின் பூட்டுப் பல் போல்டின் பின்பக்கம் இருக்கிறது, அங்கே இடைவெளியைச் சரிசெய்யப் போல்ட் தலையை எண்படி மாற்றுவார்கள்: 0, 1, 2, 3. நட்டு போட்டால் அந்த எண் வேலை மிச்சமாகும். ஆனால் உடலைக் கடையும் செலவு அப்படியே இருக்கும். வரைபடம் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.