நோன்பு: எல்லா மதத்திலும் ஒரே பசிதானா?

மழைத்துளி:
"மதங்களுக்குள் ஒற்றுமை என்பதெல்லாம் மேடைப் பேச்சு, உள்ளே போனால் எதுவும் ஒத்துப்போகாது" என்று கல்வெட்டு அண்ணன் போன வாரம் ஒரு விவாதத்தில் எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடவுள் ஒருவரா பலரா, மறுபிறவி உண்டா இல்லையா என்று கொள்கைகளை எடுத்தால் சண்டை ஓயாது. அதனால் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலை எடுத்துக்கொள்கிறேன்: நோன்பு. யூதர்கள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. முஸ்லிம்கள் ரமலான் மாதம் முழுக்க, விடியலின் முதல் வெளிச்சத்திலிருந்து சூரியன் மறையும் வரை உண்பதுமில்லை, பருகுவதுமில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் 40 நாள். வைணவர்களுக்கு ஏகாதசி, சைவர்களுக்குப் பிரதோஷம், சமணர்களுக்குப் பர்யுஷணம். பஹாய் சமயத்தினர் மார்ச் மாதத்தில் 19 நாள் நோன்பிருக்கிறார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மக்கள்கூட இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். உடம்பை அடக்கினால் மனம் மேலே போகும் என்பதுதானே எல்லோரும் கண்டுகொண்டது? குர்ஆனே (2:183) "உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டதைப் போலவே உங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருக்கிறது" என்கிறது. 1893இல் சிகாகோவில் விவேகானந்தர் ஒரு பழைய வடமொழித் துதியைச் சொன்னாரே, வெவ்வேறு இடங்களில் பிறந்த ஆறுகள் எல்லாம் ஒரே கடலில் கலக்கின்றன என்று. எனக்கு அது உண்மையாகத்தான் படுகிறது.

கல்வெட்டு:
தம்பி, நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறாய். ஆனால் நீ எடுத்த உதாரணமே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

சமண நோன்பைப் பக்கத்தில் போய்ப் பார். சமணத்தில் ஒரு பிரிவினரான சுவேதாம்பரர்கள் பர்யுஷணத்தில் எட்டு நாள் எதையும் உண்ணாமல், பகலில் மட்டும் காய்ச்சி ஆறவைத்த நீரைக் குடித்து இருப்பார்கள். ஒரு மாதம் இருப்பவர்களும் உண்டு. எதற்காக? உயிரின்மேல் வினை ஒரு பொருளாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது சமணம். நோன்பு அதை உதிர்க்கிறது. அங்கே உலகைப் படைத்த கடவுள் இல்லை, மன்னிக்கிற கடவுளும் இல்லை. உன் வினையை நீயேதான் உதிர்க்க வேண்டும். மகாவீரரே வந்தாலும் வழி காட்டலாமே தவிர உனக்காக உதிர்த்துத் தர முடியாது.

இப்போது யோம் கிப்பூர். அன்று உணவு, நீர் மட்டும் விலக்கில்லை. குளிப்பது, எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு அணிவது, தாம்பத்தியம் எல்லாமே கூடாது. துணிச்செருப்போடு நின்று ஒரு சமூகமே "நாங்கள் பாவம் செய்தோம்" என்று பன்மையில் அறிக்கையிடுகிறது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் மன்னிப்பார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த நாளுக்கே பொருள் இல்லை. சமணருக்கு அப்படிக் கேட்பவர் தேவையே இல்லை. இரண்டு பேருக்கும் வயிறு காய்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை.

அப்புறம், உன் பட்டியலில் வராதவர்களைக் கவனித்தாயா? புத்தர் எலும்பும் தோலுமாகும் வரை பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, இதனால் ஞானம் வராது என்று உணவை ஏற்றுக்கொண்டார். "இவர் வழி தவறிவிட்டார்" என்று ஐந்து தோழர்கள் அவரை விட்டுப் போனார்கள். பிறகு சாரநாத்தில் அவர் முதல் போதனையைச் சொன்னதே அந்த ஐந்து பேருக்குத்தான். அதில் எடுத்த எடுப்பிலேயே, உடலை வதைப்பதும் இன்பத்தில் மூழ்குவதும் இரண்டுமே வேண்டாம் என்கிறார். ஒரு மதமே நோன்பை விட்ட இடத்தில் தொடங்குகிறது! சீக்கிய குருமார்கள் விரதத்தால் புண்ணியம் வராது என்றே சொன்னார்கள். பார்சிகளின் ஜரதுஷ்டிர மரபோ இன்னும் ஒரு படி மேலே போய், உண்ணாதவனுக்கு நற்செயல் செய்ய வலு இருக்காது என்று பட்டினியைக் கண்டிக்கிறது.

ஆறுகள் எல்லாம் கடலுக்குப் போகட்டும். ஆனால் இவர்கள் எல்லோரும் கடலைத் தேடித்தான் புறப்பட்டார்கள் என்று நமக்கு யார் சொன்னது?

விளக்குத்திரி:
இடையில் ஒரு சின்ன விஷயம். மதத்துக்கு மதம் எதற்கு, ஒரே மதத்துக்குள்ளேயே பாருங்கள். நான் கத்தோலிக்கன். எங்கள் சபைச் சட்டப்படி கட்டாய உண்ணா நோன்பு இன்று ஆண்டுக்கு இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும். அதுவும் 18 வயதிலிருந்து 59 வரைதான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையினர் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை.

சுவிட்சர்லாந்தில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குத் திரி கொளுத்தியதும் நோன்புதான். 1522 தவக்காலத்தில் சூரிச் நகரத்து அச்சகம் ஒன்றில் சிலர் தொத்திறைச்சி தின்றார்கள். வேலை கடுமை, ஆட்களுக்குத் தெம்பு வேண்டும் என்றார் அச்சக உரிமையாளர் ஃப்ரோஷாவர். அந்நகரத்துப் பாதிரியார் உல்ரிச் ஸ்விங்லி அங்கேயே இருந்தார், ஆனால் தின்னவில்லை. சில நாளில் பிரசங்க மேடையேறி, எதை உண்பது என்பது கிறிஸ்தவனின் சுதந்திரம் என்று பேசினார். ஒரே வேதம், ஒரே இயேசு. ஆனால் ஒருவர் நோன்பால் கடவுளை நெருங்குகிறார், இன்னொருவர் நோன்பைக் கட்டாயமாக்குவதே நற்செய்திக்கு விரோதம் என்கிறார்.

மழைத்துளி:
கல்வெட்டு அண்ணா, புத்தரை விட்டுவிட்டது என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடைய துறவிகளுக்கு நண்பகலுக்குப் பிறகு திட உணவு கிடையாது என்ற விதி உண்டே. பௌர்ணமி போன்ற உபோசத விரத நாளில் இல்லறத்தாரும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். வதையைத்தான் விட்டார், அடக்கத்தை விடவில்லை.

சரி, நோன்பின் காரணங்கள் வேறு வேறு என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன யோம் கிப்பூரையே எடுக்கிறேன். அன்று காலை ஜெப ஆலயத்தில் எதை வாசிக்கிறார்கள்? எபிரேய வேதத்தில் ஏசாயா தீர்க்கதரிசி நூலின் 58ஆம் அதிகாரம். "நீங்கள் தலையைக் குனிந்து சாக்குத்துணி போட்டுக்கொள்வதா நான் விரும்பும் நோன்பு? பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதல்லவா நோன்பு?" என்று கடவுள் கேட்கிற பகுதி. உலர்ந்த நாவோடு நிற்கிற மக்களுக்கு முன்னால் அதைச் சத்தமாக வாசிக்கிறார்கள். ஒரு நோன்பு தன்னைத்தானே இப்படிக் கேள்வி கேட்டுக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

இயேசு, நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவு என்றார். பொய்யை விடாதவன் உணவையும் நீரையும் விடுவதால் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று நபிமொழி உண்டு. சீக்கியர்கள் விரதத்தை விட்டுவிட்டு லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். வள்ளுவரும் இதைத்தானே சொன்னார், "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்" என்று. பசி பொறுப்பதைவிடப் பிறர் பசி தீர்ப்பது பெரிது. இந்தக் குரல் எல்லா இடத்திலும் கேட்கிறதே, இது ஒற்றுமை இல்லையா?

பிறைநிலா:
இரண்டு பேரும் நோன்பைத் தூரத்திலிருந்து பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தாவுக்கு நீரிழிவு. ஒரு நோன்பு நாளில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த பிறகு, இனி நோன்பு வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மார்க்கத்திலும் தடை இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. குணமாகக்கூடியவர் பிறகு நோற்கலாம், குணமாக வழியில்லாதவர் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும்.

மறு வருடம் முதல் நோன்பு அன்று மதியம், சமையல்கட்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். இடது கையில் மாத்திரை. அதை வாயில் போடாமல் நெடுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் தட்டில் விழுந்தது. மாலையில் நோன்பு திறக்க எல்லோரும் உட்கார்ந்தபோது, கூப்பிட்டும் அவர் வரவில்லை. "நான் எதைத் திறக்கப் போகிறேன்?" என்று கேட்டார்.

மழைத்துளி, உடம்பை அடக்குவதுதான் நோன்பு என்றால் அத்தாவுக்கு அழுகை வந்திருக்காது. அவர் நாவை அடக்கத் தெரிந்தவர். குர்ஆன் இறங்கிய மாதத்தில், உலகத்தில் உள்ள எல்லோரும் ஒரே கட்டளைக்குப் பணிந்து நிற்கும்போது, தான் மட்டும் வெளியே நிற்கிறோமே என்பதுதான் அவர் துக்கம். "எல்லா மதத்திலும் இருக்கிறதுதானே" என்று யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்காது.

மழைத்துளி:
சகோதரி, படித்துவிட்டு எதுவும் எழுதத் தோன்றாமல் வெகுநேரம் இருந்தேன். அத்தாவின் துக்கத்தை நான் சொன்ன சூத்திரத்துக்குள் அடைக்க முடியாது, உண்மைதான்.

கல்வெட்டு:
வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான் தம்பி. ஒற்றுமை என்று சொல்லும்போது நமக்குத் தெரிந்த ஒன்றின் அளவுகோலால்தான் மற்றதை அளக்கிறோம். உணவைத் துறந்து உயிர்விடும் சமணரின் சல்லேகனை, நம் மொழியில் வடக்கிருத்தல், அதற்கு என்ன ஆனது? 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலையாகக் கருதித் தண்டனைக்குரியது என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. "சாக வேண்டும் என்ற ஆசையும் ஒரு பற்றுதான், அந்த ஆசையோடு செய்தால் அது சல்லேகனையே ஆகாது" என்பது சமணர் தரப்பு. அது சரியா தவறா என்று வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வதை முதலில் அவர்கள் சொல்லிலேயே கேட்க வேண்டும். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஒன்றே என்று முடிவுகட்டினால், காப்பாற்றுவதாக நினைத்து ஒருவரை அவமதித்துவிடுவோம்.

மழைத்துளி:
அதை ஏற்கிறேன் அண்ணா. நோன்பு எல்லா மதத்திலும் ஒன்றே என்று இனிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏசாயாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். பர்யுஷணத்தின் கடைசி நாளில் சமணர்கள் என்ன செய்கிறார்கள்? "மிச்சாமி துக்கடம்" என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். யோம் கிப்பூருக்கு முன் யூதர்களும் அண்டை அயலாரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் மன்னிக்காமல் அந்த நாள் போக்காது என்பது அவர்கள் மரபு. மன்னிக்கும் கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும், நோன்பை ஒட்டி இன்னொரு மனிதரின் வாசலில் போய் நிற்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கல்வெட்டு:
இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

விளக்குத்திரி:
பிறைநிலா, இப்போது அத்தா எப்படி இருக்கிறார்?

பிறைநிலா:
நன்றாக இருக்கிறார். இரண்டாம் வருடத்திலிருந்து நோன்பு திறக்கும் நேரத்தில் எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். பேரீச்சம்பழத்தை எல்லோர் கையிலும் அவர்தான் வைப்பார். ரமலானுக்கு ஒரு வாரம் முன்பே யார் யாருக்கு உணவு கொடுப்பது என்று பட்டியல் எழுதுகிறார். மாதம் 29 நாளில் முடியுமா 30 ஆகுமா என்பது பிறை பார்த்த பிறகுதானே தெரியும்? அதனால் 29 பெயரைப் பேனாவிலும் முப்பதாவது பெயரைப் பென்சிலிலும் எழுதி வைப்பார்.