புதுப்பிப்பு: கருப்பனின் மூக்கு வீக்கம்

போன மாதம் எங்கள் பூனை கருப்பனின் மூக்கு ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது, ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை என்று புலம்பியிருந்தேன். வீக்கத்தில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை. மைக்ரோஸ்கோப்பில் நானே பார்த்தேன்: ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் தடித்த வெள்ளை வளையம். புறா எச்சத்தில் செழித்து வளர்வது இது. எங்கள் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூடவே பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸ் பாசிட்டிவ். அது சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களைக் குறைத்துவிடும். பூஞ்சையை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களை உசுப்பிவிடுவதே அந்தச் செல்கள்தான். அதனால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் ஓடும். ரத்தத்தில் பூஞ்சை ஆன்டிஜன் (பூஞ்சை விட்டுச்செல்லும் பொருள்) இறங்குகிறதா என்று பார்த்துத்தான் நிறுத்துவார்கள்.

"பூனையைத் தள்ளி வை" என்றவர்களுக்கு: எஃப்ஐவி மனிதரைத் தொற்றாது. இந்தப் பூஞ்சையும் சுற்றுப்புறத்திலிருந்து வருவது, பூனையிடமிருந்து அல்ல.

அப்புறம், கருவாட்டுக்குள் மாத்திரை வைக்கும் யோசனை பலிக்கவில்லை. கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறான்.