ஈஸ்டர் மேசைக்கு வீட்டுத் தோட்டத்துப் பூ: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை அக்கா

ஈஸ்டர் மேசை என்றாலே படங்களில் வெள்ளை லில்லிதான் வருகிறது. அந்த லில்லியின் சொந்த ஊர் ஜப்பானின் தெற்குத் தீவுகளும் தைவானும். பாளையங்கோட்டை வெயிலில் அது தாக்குப்பிடிக்காது. அதற்காகப் பூக்கடைக்கு ஓட வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் முழுக்க எங்கள் மேசையில் பூ கிடையாது. விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து உட்காரும்போது கண்ணில் படுகிற முதல் பூ நம் வாசலில் பூத்ததாக இருந்தால் அந்த நிறைவே தனி.

ஒன்று கவனிக்க வேண்டும், ஈஸ்டர் ஒரே தேதியில் நிற்பதில்லை. 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. நடுவே மூன்று வாரம், அதற்குள் தோட்டமே மாறிவிடும். சீக்கிரம் வந்தால் நந்தியாவட்டையும் செண்டுமல்லியும்தான் கை கொடுக்கும். தள்ளி வந்தால் குண்டுமல்லி கொட்டும். நடுவில் ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் கிழங்கிலிருந்து சிவப்பு அமரில்லிஸ் கிளம்பிவிடும். ஆகவே எந்தப் பூ என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், போதும்.

பூவைக் குத்தி வைக்க நான் பயன்படுத்துவது வாழைத்தண்டு. குலை வெட்டின மரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு. உருளாமல் இருக்க அடிப்பக்கத்தை ஒரு சீவு சீவி, முந்தின ராத்திரியே சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். காலையில் தட்டு, அதன்மேல் வாழையிலை, அதன்மேல் தண்டு. இலையை விட்டுவிடாதீர்கள், வாழைக்கறை வெள்ளை மேசைவிரிப்பில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. ஸ்க்ரூ டிரைவரால் துளை போட்டு, காம்பைச் சாய்வாக நறுக்கிச் செருகினால் செண்டுமல்லியும் குரோட்டன்ஸ் இலையும் அசையாமல் நிற்கும். தண்டில் இருக்கிற ஈரமே அன்றைக்குப் போதும். கடையில் விற்கிற பச்சை ஃபோம் பிளாஸ்டிக் வகை, மண்ணில் மக்காது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி தன் மலர்க் கண்காட்சிகளில் அதை 2021-இலிருந்து அனுமதிப்பதில்லை. வாழைத்தண்டோ மறுநாள் மாட்டுக்குப் போகும்.

அமரில்லிஸ் காம்பு மட்டும் குத்த வராது, உள்ளே வெறும் குழல். அதைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தண்ணீர் ஊற்றி, பஞ்சால் அடைத்து, நுனியில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கண்ணாடிக் குவளையில் வையுங்கள். ரப்பர் பேண்ட் இல்லாவிட்டால் நுனி பிளந்து வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும்.

என் அத்தை (மாமியார்) இதில் கண்டிப்பு. முழங்கையை மேசையில் ஊன்றி, "இதுக்கு மேலே போகக்கூடாது, எதிர்ல இருக்கவங்க முகம் தெரியணும்" என்பார்கள். விளிம்பில் மரிக்கொழுந்து வைக்காமல் விடமாட்டார்கள். அரளியைச் சாப்பாட்டு மேசைப் பக்கமே சேர்க்கமாட்டார்கள். அதுதான் சரி. இலை, பூ, பால் எல்லாமே விஷம், பிள்ளைகள் கை வைக்கிற இடம் அது.

குன்னூர்வாசி

அக்கா, எங்கள் பக்கம் நிலைமை நேர் எதிர். ஓடை ஓரத்துச் சதுப்பில் ஆரம் லில்லி யாரும் நடாமலே வெள்ளை வெளேரென்று நிற்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடி, இப்போது நீலகிரிச் சதுப்புகளில் களையாகவே பரவிவிட்டது. அதனால் அறுத்துக்கொண்டு வருவதில் மனசுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பூவைக் கத்தரிக்காமல் அடியில் பிடித்துச் சுண்டி இழுத்தால் நீளக் காம்போடு வந்துவிடும். சாறு வாயில் பட்டால் எரியும், கையைக் கழுவிவிட்டுத்தான் கேக் பக்கம் போவேன்.

ஹைட்ரேஞ்சா சில வருடம் ஈஸ்டருக்குள் தலைகாட்டும். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண் என்பதால் எங்களுக்கு நல்ல நீலம். வெட்டின ஒரு மணி நேரத்தில் துவண்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூங்கொத்தை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக முக்கிவையுங்கள். இதழ் வழியாகவே தண்ணீர் குடிக்கிற பூ அது, கொஞ்ச நேரத்தில் விறைப்பாகிவிடும். காம்பு நுனியைப் படிகாரத் தூளில் தொட்டு வைப்பவர்களும் உண்டு.

ஸ்கார்பரோவில் (கனடா) இருந்து

எங்களுக்கு ஏப்ரல் முதல் வாரம் உயிர்த்த ஞாயிறு வந்தால் தோட்டத்தில் பச்சையே இராது, சில வருடம் பனிகூடக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் மல்லிகையும் தேமாவும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பெரிய வெறுமை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர்தான் வழி சொன்னார். கொல்லையில் நிற்கிற ஃபோர்சித்தியாவின் மொட்டைக் கிளைகளை இரண்டு, மூன்று கிழமை (வாரம்) முன்னதாகவே வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். குளிர்காலம் முழுக்க வெளியே நின்ற கிளை, வீட்டுச் சூட்டில் வசந்தம் வந்துவிட்டதென்று நினைத்து, இலை வருவதற்கு முன்பே மஞ்சளாகப் பூத்துவிடும். உயிர்த்த ஞாயிறுக்கு இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியவில்லை, லில்லி உட்பட.

ஈஸ்டர் பிந்தி வந்தால் டாஃபடில் கிடைக்கும். அதன் காம்பில் வழிகிற பசை மற்றப் பூக்களை வாட்டிவிடும். முதல் நாளே தனித் தண்ணீரில் நிற்கவிட்டு, பிறகு காம்பைத் திரும்ப வெட்டாமல் மற்றதோடு சேருங்கள். வீட்டில் பூனை இருந்தால் வெள்ளை லில்லி வாங்கவே வேண்டாம். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

நாகர்கோவில்காரி

பாளையங்கோட்டை அக்காவுக்கு ஒரு கேள்வி. குண்டுமல்லி ராத்திரியே விரிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஓரம் பழுத்துவிடுகிறது. சம்பங்கி வைக்கலாமென்றால் வாசனை தூக்கலாக இருக்கிறதே?

பாளையங்கோட்டை அக்கா

சம்பங்கி வாசல் திண்ணைக்கு நல்லது, பிரியாணி பக்கத்தில் வேண்டாம் தங்கச்சி. மல்லியைச் சனிக்கிழமை பிற்பகலில் மொட்டாகவே பறித்து, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் மெதுவாகத்தான் விரியும். கோவிலுக்குப் போய் வந்து வெளியே எடுத்தால் சாப்பாட்டு நேரத்துக்குப் பக்குவமாக இருக்கும். அதே ஃபிரிட்ஜில் பழுத்த மாம்பழமோ வாழைப்பழமோ இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், அந்தக் காற்றில் பூ சீக்கிரம் வாடும். அப்புறம், மேசைக்கு நேர்மேலே சுற்றுகிற மின்விசிறியை எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு போட்டால் போதும்.