லிஸ்பனில் பேச ஆளில்லை என்று எழுதிய தங்கைக்கு

வேலை, அறை, மறுபடி வேலை என்றே இரண்டு மாதம் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். நானும் பாம்பன்காரிதான். லிஸ்பனுக்கு வந்த முதல் குளிர்காலம் முழுவதும் தமிழர் வீடுகளைத் தவிர வேறு வாசல் மிதிக்கவில்லை. மொழியும் வரவில்லை, ஊரும் ஒட்டவில்லை. அதனால் சொல்கிறேன்: ஒரு சனிக்கிழமை தனியாக நசரே என்ற போர்ச்சுகல் மீனவ ஊருக்குப் போய் வா. செத்தே ரியோஸ் பஸ் நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம்தான்.

அங்கே கடற்கரையிலேயே கருவாடு காய்கிறது. 'கரபாவ்' என்ற மீன், நம் பாறை மீனின் இனம். வயிற்றைக் கீறி, இரண்டாக விரித்து, உப்புநீரில் ஊறவைத்து, வலை அடித்த மரச் சட்டங்களில் பரப்பியிருப்பார்கள். அந்த வாடை பட்டதுமே நம் பாம்பன் தெற்குவாடி நினைவு வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டத்தருகே அடுக்குப் பாவாடை கட்டிய ஒரு பாட்டி நின்றிருந்தார். எனக்கு அப்போது தெரிந்தது 'போங் தீயா' என்ற வணக்கம் மட்டுமே. ஒரு மீனைக் காட்டி, திருப்பிப் போடட்டுமா என்று கையால் கேட்டேன். என் விரல்களையே சற்று நேரம் பார்த்தவர், பக்கத்துச் சட்டத்தை என் பக்கம் தள்ளினார். ஒரு மணி நேரம் இருவரும் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் சொற்கள் வந்தன. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்களுடைய போர்த்துகீசிய மொழி நமக்குத் தந்தவை. மீன் ஏலத்தின் 'ஏலம்'கூட அவர்களுடைய 'லெய்லாவ்'தான். பாம்பனுக்குப் பக்கத்தில் நம் வேதாளையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கோட்டை வைத்திருந்தார்களே, அந்தக் காலத்து உறவு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பாட்டி பக்கத்துச் சட்டக்காரிகளையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் சொல். நன்றிக்குப் பெண்கள் 'ஒப்ரிகாதா' என்பார்கள். வேகமாகப் பேசினால் 'மைஷ் டவகார்' என்று கேள், மெதுவாகச் சொல்வார்கள். உணவகத்தில் கேட்காமலே வைக்கும் ரொட்டியும் ஆலிவும் இலவசமல்ல, வேண்டாமென்றால் தொடாதே. அவசரத்துக்கு 112.

கடலோரத்தில் பிறந்தவள் என்ற தைரியத்தில் மட்டும் தண்ணீரில் இறங்கிவிடாதே. நம் பாக் நீரிணை ஆழம் குறைந்தது. நசரேக்கு எதிரே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது; குளிர்காலத்தில் ஊரின் வடக்குக் கடற்கரையில் அலை 20 மீட்டரையும் தாண்டி எழுந்திருக்கிறது.

இப்போது விடுமுறைக்குப் பாம்பன் வந்திருக்கிறேன். முந்தாநாள் வீடியோ அழைப்பில் பாட்டி தன் சட்டங்களைக் காட்டினார். "கீழேயும் காற்றுப் போகிறது, மணலும் ஒட்டாதே" என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். நேற்றே ஆசாரியிடம் நான்கு சட்டம் சொல்லியாகிவிட்டது. அதில் முதலில் காயும் கருவாட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை.