சிரசு வாரத்துக்கு வீடு நிறையும்: ஸ்விட்ச்சா, பி.எஸ்.5-ஆ?

சத்துவாச்சாரி ஃபேஸ்-2:
எல்லாருக்கும் வணக்கம். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். ஆறு வயசு வாண்டில் தொடங்கி பிளஸ் டூ முடித்தவன் வரை பிள்ளைகளே ஏழு பேர். மே மாச வேலூர் வெயிலில் அவர்களை வெளியே விட முடியாது. ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். இந்த வருஷம் ஒரு கேம் கன்சோல் வாங்கி ஹாலில் வைக்கலாம் என்று இருக்கிறேன். அம்மா, பெரியம்மாகூட ஒரு கை ஆட வேண்டும் என்பது என் ஆசை. டிவி 43 இன்ச், 4கே. கன்சோல், கூடுதல் கன்ட்ரோலர், ரெண்டு கேம் எல்லாம் சேர்த்து 45,000-க்குள் முடிய வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேர் சோனியின் பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5), பாதிப் பேர் நின்டெண்டோ ஸ்விட்ச் என்று நிற்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பி.எஸ்.5 ஸ்லிம். கிரிக்கெட் 24 உண்டு, எஃப்.சி. கால்பந்து உண்டு. நம்ம பசங்களுக்கு வேறென்ன வேண்டும்? சோனிக்கு இந்தியாவில் வாரண்டி இருக்கிறது, ஸ்டோரில் ரூபாயிலேயே வாங்கலாம். நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதே இல்லை. கடையில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் கதவைத் தட்டுவாய்?

கோட்டை அகழி:
காட்பாடி தம்பி, அவர் கேட்டது பசங்களுக்கு மட்டும் இல்லை. பெரியம்மா ஆட வேண்டும் என்று எழுதியிருக்கிறார், அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பி.எஸ்.5 கன்ட்ரோலரில் ரெண்டு குச்சி, முன்பக்கம் நாலு பொத்தான், திசைக்கு நாலு, மேலே தோளில் நாலு. அதைக் கையில் வாங்கியதும் பெரியவர்கள் செய்கிற முதல் காரியம் பக்கத்தில் இருக்கிற பேரனிடம் நீட்டுவதுதான். என் மாமியார் டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டுவதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவர் கையில் ஜாய்கான் (ஸ்விட்ச்சின் பக்கத்திலிருந்து கழற்றுகிற சின்ன கன்ட்ரோலர்) ஒன்றைக் கொடுத்து, பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டு, ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் பேட்மின்டன் போட்டேன். அதில் ஓடுவது நகர்வது எல்லாம் திரையில் இருக்கிற பொம்மையே பார்த்துக்கொள்ளும். நாம் கையை வீசினால் போதும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றவர், தோற்றதும் "பந்து சரியா வரல, மறுபடி போடு" என்றார். பிறகு என் பையனுக்கு அன்று முறையே வரவில்லை.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் வண்டிப் பந்தயத்தில் ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்று ஒன்று உண்டு. ஆறு வயசுப் பிள்ளைக்கு அதைப் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டு விழாது. வண்டி தானாகவே ஓடும்படியும் வைக்கலாம். அதே பந்தயத்தில் பிளஸ் டூ பையன் எந்த உதவியும் இல்லாமல் ஓட்டுவான். ரெண்டு பேரும் ஒரே திரையில்.

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா, அந்த வாரம் எல்லாரும் சிரிப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். எட்டாம் நாள்? எல்லாரும் பஸ் ஏறிய பிறகு வருஷம் முழுக்க அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கப்போவது இவர்தானே. 2017 மார்ச்சில் வந்த வன்பொருளை இன்றைக்கு முப்பதாயிரம் கொடுத்து வாங்கச் சொல்கிறீர்கள். படத்தின் தெளிவு டிவியில் 1080p-க்கு (ஃபுல் எச்.டி.) மேல் போகாது. 4கே டிவி வைத்திருக்கிற மனுஷனுக்கு இது அநியாயம்.

கோட்டை அகழி:
நாலு பேர் ஆடும்போது திரையே நாலாகப் பிரிந்துவிடும் தம்பி. சோபாவிலிருந்து பார்க்கிற பெரியம்மாவுக்கு 4கே எதற்கு?

மக்கன்பேடா:
ஒரு ஓரமாக என் யோசனையையும் கேளுங்கள். கன்சோலே வேண்டாம். ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் என்று இருக்கிறது. லேப்டாப்பை டிவியில் சொருகி ஒரே ஒரு பிரதி வாங்கினால் போதும். ஆடுகிறவர்கள் அவரவர் போனில் பிரௌசரைத் திறந்து அறை எண்ணைப் போட்டு உள்ளே வரலாம். எட்டுப் பேர் வரை ஆடும் கேம்கள் அதில் உண்டு. கன்ட்ரோலர் செலவு பூஜ்யம். மிச்சக் காசுக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்குங்கள், சண்டையே வராது.

கோட்டை அகழி:
யோசனை நல்லதுதான், ஆனால் அதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வார்த்தை விளையாட்டு. அமெரிக்க டிவி நகைச்சுவை புரியாவிட்டால் சிரிப்பே வராது. வி.ஐ.டி. ஹாஸ்டல் பசங்களுக்குச் சரி. அப்புறம், போனைக் கீழே வைக்க வைக்கத்தானே இவர் கன்சோலே தேடுகிறார்?

மக்கன்பேடா:
அதுவும் சரிதான். ஆனால் பேடாவை வாபஸ் வாங்க மாட்டேன்.

முள்ளுக்கத்திரி:
இதே பொருள்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறவன் நான், அதனால் சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பி.எஸ்.5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் 44,990. பெட்டியில் கன்ட்ரோலர் ஒன்றுதான். நாலு பேர் ஆட இன்னும் மூன்று வேண்டும், ஒன்று ஆறாயிரத்தை ஒட்டி வரும். ஆக டிஜிட்டல் மாடலுக்கே அறுபதாயிரம் தாண்டுகிறது, இன்னும் ஒரு கேம்கூட வாங்கவில்லை. ஸ்விட்ச்சில் பெட்டியிலேயே ரெண்டு ஜாய்கான் இருக்கிறது. தனித்தனியாகக் கழற்றினால் ரெண்டு பேர் ஆடலாம். இன்னொரு ஜோடி வாங்கினால் நாலு பேர். திரை மேம்பட்ட, விலை கூடிய ஓலெட் மாடலே எடுத்தாலும் ரெண்டு கேமோடு 45,000-ஐ ஒட்டி முடித்துவிடலாம்.

அடுத்தது, ஸ்விட்ச் பக்கம் பேசுகிறவர்கள் வாயே திறக்காத விஷயம்: ஜாய்கான் டிரிஃப்ட். குச்சியைத் தொடாமலே பொம்மை ஒரு பக்கமாக நகரும். உள்ளே இருக்கிற கரிப் பூச்சு தேய்வது ஒரு முக்கியக் காரணம். 2020-இல் நின்டெண்டோ தலைவரே பங்குதாரர்கள் முன்னால் இதற்காக வருத்தம் தெரிவித்தார். இங்கே அவர்களுடைய சர்வீஸ் சென்டர் கிடையாது, எங்களைப் போன்ற ஆள்களிடம்தான் வர வேண்டும். ஹால் எஃபெக்ட் குச்சி என்று காந்தத்தில் வேலை செய்கிற மாற்றுப் பாகம் கிடைக்கிறது. உராய்கிற பாகம் இல்லாததால் அந்தத் தேய்மானம் வராது.

காட்பாடி ஜங்ஷன்:
இதைத்தான் நான் முதல் பதிவிலேயே சொன்னேன். நன்றி சார்.

முள்ளுக்கத்திரி:
அவசரப்படாதீர்கள். உங்கள் பி.எஸ்.5 கன்ட்ரோலர் ட்யூயல்சென்ஸிலும் அதே வகைக் குச்சிதான். அதுவும் என் மேஜைக்கு வருகிறது.

காட்பாடி ஜங்ஷன்:
சரி, காசுதான் பிரச்சினை என்றால் ஒரு வழி இருக்கிறது. பழைய பி.எஸ்.4 கன்ட்ரோலரை பி.எஸ்.5-இல் இணைக்கலாம். பி.எஸ்.5 கேம்களுக்கு வேலை செய்யாது, ஆனால் பி.எஸ்.4 பதிப்புகளுக்குச் செய்யும். ஓவர்குக்டு 2-ஐ பி.எஸ்.4 பதிப்பாக எடுத்தால் சொந்தத்தில் யார் வீட்டிலாவது சும்மா கிடக்கிற கன்ட்ரோலரைக் கொண்டுவரச் சொல்லலாம். நாலு பேர் ஒரே சமையலறையில் காய் நறுக்கி, அடுப்பில் வைத்து, தட்டு கழுவி, நேரத்துக்குள் பரிமாற வேண்டும். ஒருவர் அடுப்பை மறந்தால் எல்லாம் தீப்பிடிக்கும். கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரியே கூச்சல். உங்கள் பெரியம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இருக்கிறதா? சாக்பாய் என்று இன்னொன்று, அதிலும் நாலு பேர் சேர்ந்து குதித்து ஓடலாம். பி.எஸ்.5-இல் குடும்ப ஆட்டமே இல்லை என்பது பழைய கதை.

அப்புறம், டிஸ்க் மாடல் எடுத்தால் ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் எத்தனை வருஷம் ஆனாலும் விலை இறங்குவதே அபூர்வம்.

கோட்டை அகழி:
ஓவர்குக்டு ஸ்விட்ச்சிலும் இருக்கிறது. டிஸ்க்கை விற்கலாம் என்றால் ஸ்விட்ச் கேம் கார்டையும் விற்கலாம். விலை இறங்காது என்றீர்களே, விற்கும்போதும் இறங்காது. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்!

முள்ளுக்கத்திரி:
ஓவர்குக்டு பற்றி ஒரு வார்த்தை. ஆட்டம் அருமை, ஆனால் மூன்றாவது நாலாவது கட்டத்திலேயே வேகம் பிடித்துவிடும். கேம் பழகாத பெரியவர்களை "அந்தத் தக்காளியை எடுங்க, ஐயோ அது இல்ல" என்று பிள்ளைகள் விரட்ட ஆரம்பித்தால் அடுத்த சுற்றுக்கு உட்கார மாட்டார்கள். அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

கோட்டை அகழி:
இன்னொன்றும் இருக்கிறது, கரண்ட். கத்திரி வெயிலில் மின்வெட்டு வராத நாளைக் காட்டுங்கள். பி.எஸ்.5 கனமான கேம் ஓடும்போது 200 வாட்டைச் சாதாரணமாக இழுக்கும். இன்வெர்ட்டரில் ஃபேனையும் டிவியையும் அதையும் சேர்த்துப் போட்டால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? ஸ்விட்ச் டிவியில் ஓடும்போது 20 வாட்டுக்குள். டிவியே அணைந்தாலும் கையில் எடுத்து ஆட்டத்தைத் தொடரலாம், ஓலெட் மாடலின் பேட்டரி கேமைப் பொறுத்து நாலரையிலிருந்து ஒன்பது மணி நேரம் தாங்கும். ஏலகிரிக்குக் கிளம்பினால் பையில் போட்டுக்கொண்டு போகலாம். வேலூர் சூட்டில் பி.எஸ்.5 என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
கரண்ட் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் சூட்டைப் பற்றிப் பேசாதீர்கள். பி.எஸ்.5 கையேட்டில் 5 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கிறது, ஸ்விட்ச்சுக்கும் அதே 35-தான். 2022 ஜூலையில் ஜப்பான் வெயிலுக்கே நின்டெண்டோ எச்சரிக்கை விட்டது. நம்ம ஊரில் 40 தாண்டும்போது ரெண்டும் ஒரே கதிதான்.

முள்ளுக்கத்திரி:
இது நூற்றுக்கு நூறு சரி. எதை வாங்கினாலும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். திறந்த இடத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஸ்விட்ச்சின் மேல்பக்கம் இருக்கிற காற்றுத் துவாரத்தின் மேல் துண்டைப் போடுகிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள்.

சத்துவாச்சாரி ஃபேஸ்-2:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. எனக்கு மூன்று சந்தேகம். ஸ்விட்ச் லைட் விலை குறைவாக இருக்கிறதே, அது போதாதா? ஸ்விட்ச் 2 வந்துவிட்டதே, அதற்குக் காத்திருக்கலாமா? மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பற்றி யாரும் பேசவே இல்லையே?

கோட்டை அகழி:
லைட் வாங்கவே வாங்காதீர்கள்! அதை டிவியில் இணைக்க முடியாது, ஜாய்கானும் கழறாது. உங்கள் தேவைக்கு அது பொருளே இல்லை. ஸ்விட்ச் 2 2025 ஜூனில் வந்தது. நல்ல பொருள்தான், பழைய கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும், பழைய ஜாய்கானையும் வயர்லெஸ்ஸாக இணைக்கலாம். ஆனால் வந்தபோது அமெரிக்காவிலேயே 449.99 டாலர். இங்கே வந்து சேரும்போது உங்கள் 45,000 கன்சோலுக்கே போய்விடும்.

முள்ளுக்கத்திரி:
சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990-க்கு வந்தது. டிஸ்க் டிரைவ் கிடையாது, எல்லாம் டவுன்லோடு. கேம் பாஸ் சந்தா கட்டினால் நிறைய கேம் கிடைக்கும், பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரும் வேலை செய்யும். மின்கிராஃப்ட்டை நாலாகப் பிரித்து ஆடலாம். பத்து வயசுக்கு மேல் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீடு என்றால் இதையே சொல்லியிருப்பேன். வீட்டு நெட் எப்படி என்று பாருங்கள். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு நாற்பது ஜிபி இறங்கட்டும் என்று காத்திருப்பது பெரிய கொடுமை.

காட்பாடி ஜங்ஷன்:
ஸ்விட்ச்சில் அந்தக் கொடுமை வேறு விதம். அவர்களுடைய ஆன்லைன் கடையான ஈஷாப்பில் இந்தியா என்ற நாடே கிடையாது. வேறு நாட்டுக் கணக்குத் திறந்து கிஃப்ட் கார்டு தேட வேண்டும்.

கோட்டை அகழி:
கேம் கார்டாக வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்விட்ச்சுக்குப் பெரும்பாலும் எந்த நாட்டுக் கார்டும் ஓடும். மாரியோ கார்ட் 8, ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ், இந்த ரெண்டு கார்டு போதும் சிரசு வாரத்துக்கு. ஒரு எச்சரிக்கை: ஒரு ஜாய்கானைப் படுக்கவைத்துப் பிடித்தால் பெரியவர்கள் கைக்கு ரொம்பச் சின்னது, ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். பெரிய கை உள்ளவர்களுக்கு இன்னொரு நிறுவனத் தயாரிப்பில் ஒரு முழு கன்ட்ரோலர் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி ஃபேஸ்-2:
ஸ்விட்ச் ஓலெட்டும் இன்னொரு ஜோடி ஜாய்கானும் என்று முடிவு பண்ணிவிட்டேன். காட்பாடி நண்பா, கோபம் வேண்டாம், அக்கா பையன் உங்கள் கட்சிதான். சனிக்கிழமை சென்னை போகிறேன், ரிச்சி தெருவில் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

காட்பாடி ஜங்ஷன்:
கோபமெல்லாம் இல்லை. தீபாவளிச் சலுகையில் பி.எஸ்.5 விலை இறங்கும்போது உங்கள் அக்கா பையனை எனக்கு அறிமுகப்படுத்துங்கள்.

முள்ளுக்கத்திரி:
கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஆன் பண்ணச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் உள்ளே குச்சிகளைச் சரிபார்க்கிற இடம் இருக்கிறது. நாலு ஜாய்கானையும் அங்கே போட்டுப் பாருங்கள். கையை எடுத்ததும் புள்ளி நடுவில் வந்து நிற்க வேண்டும். டாக்கில் (ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கிற தாங்கி) வைத்து டிவியில் படம் வருகிறதா என்று பாருங்கள், சிலர் டாக்கை மாற்றிவிடுவார்கள். சார்ஜர் பின் நம்ம ஊர் பிளக்குக்குச் சேராது, அடாப்டர் கேளுங்கள். கடை வாரண்டி எத்தனை மாசம் என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?