இசைச் சிகிச்சையாளர்: மருத்துவப் பணியாளரா, நன்றாக வாசிக்கத் தெரிந்த விருந்தாளியா?

கீபோர்டு_ஆசிரியன்:
பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்பித்து வருகிறேன். இசைச் சிகிச்சைப் படிப்பில் சேரலாம் என்று வீட்டில் சொன்னபோது, "நோயாளிக்குப் பாட்டுப் பாட ஒரு பட்டம் வேண்டுமா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இத்தொழிலில் இருப்பவர்களும் இதை ஏற்காதவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சான்றெங்கே:
ஏற்காதவன் நான். இசை மனத்துக்கு இதம் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் இதம் தருவதையெல்லாம் சிகிச்சை என்று அழைக்கத் தொடங்கினால், அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். 1993இல் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இசையைக் கேட்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துத் திருப்பிப் பார்க்கும் இடவுணர்வுத் தேர்வில் கிடைத்த சிறிய முன்னேற்றம் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அதை வைத்துக்கொண்டு, கருவிலிருக்கும் குழந்தைக்கே அறிவு வளரும் என்று குறுந்தகடு விற்றார்கள். இந்தத் துறையைச் சுற்றி அப்படிப்பட்ட வியாபாரம் நிறைய நடக்கிறது.

நான்காம்_விரல்:
ஒன்பது ஆண்டுகளாக ஒரு மறுவாழ்வுப் பிரிவில் இசைச் சிகிச்சையாளராக இருக்கிறேன். குறுந்தகடு வியாபாரத்தை உங்களைவிட அதிகமாக வெறுப்பவர்கள் நாங்கள்தான், ஐயா. அதனால் கெடுவது எங்கள் பெயர். பாட்டைப் போட்டுவிட்டுப் போவது எங்கள் வேலை என்று எண்ணுபவர்களுக்காக, ஓர் அமர்வை அப்படியே சொல்கிறேன்.

பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த ஒருவர். கேட்பது புரியும், சொல் மட்டும் வராது. அவருடைய இடக்கையைப் பிடித்து, ஓர் அசைக்கு ஒரு தட்டு என்று மேசையில் தட்டியபடி, "தண்ணீர் வேண்டும்" என்பதை இரண்டே சுரங்களில் முதலில் முணுமுணுப்பேன். அடுத்து இருவரும் சேர்ந்து பாடுவோம். பாதியில் என் குரலை மெல்ல இறக்கிவிடுவேன். அவர் தனியாக முடிக்கிறாரா, எந்த அசையில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்வேன். கடைசியில் மெட்டை எடுத்துவிட்டு, "என்ன வேண்டும்?" என்று சாதாரணமாகக் கேட்பேன். இந்த முறை 1970களிலேயே வகுக்கப்பட்டது. அவர் அந்த இரண்டு சொற்களை மெட்டின்றிச் சொல்ல மூன்று வாரங்கள் ஆயின. என் குரல் இனிமையாக இருந்ததா என்பதைப் பற்றி அந்த அறையில் யாருக்கும் அக்கறை இல்லை.

சான்றெங்கே:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. ஆனால் ஒருவர் தேறினார் என்பது சான்றாகாது. பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களில் பேச்சு தானாகவே ஓரளவு திரும்புவதுண்டு. மேலும், பாடிப் பழகிய தொடரில் தெரியும் முன்னேற்றம் பழகாத அன்றாடப் பேச்சுக்கும் பரவுகிறதா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. ஆட்டிசத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவு. ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. ஐந்து மாதங்கள் இசைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே, முதன்மை அறிகுறி அளவீட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் படிப்பில் சேரும் மாணவரிடம் யாராவது சொல்கிறீர்களா?

நான்காம்_விரல்:
என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் வாரமே அந்த ஆய்வைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். ஆட்டிசம் குறித்து எங்கள் துறை பேசிய பேச்சு மிகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோயில் கிடைத்த முடிவை எல்லா நோய்க்கும் நீட்டுவது முறையாகாது. நடை தடுமாறும் பார்க்கின்சன் நோயாளியிடம் வாருங்கள். முதலில் அவர் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுகிறோம். 80 என்றால், சீராகத் தட்டொலி எழுப்பும் கருவியான மெட்ரோனோமையும் 80இல் வைத்துத் தொடங்கி, கால் தாளத்தோடு ஒட்டியபின் 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டுகிறோம். அடியின் நீளத்தையும் வேகத்தையும் பிசியோதெரபிஸ்டு தனியே அளக்கிறார். இதில் கற்பனைக்கு எங்கே இடம்?

சான்றெங்கே:
இடமில்லைதான். ஆனால் அந்த வேலையைச் செய்ய மெட்ரோனோம் போதுமே, இசைக் கலைஞர் எதற்கு? பிசியோதெரபிஸ்டே கைப்பேசியில் தட்டிக்கொள்ளலாம்.

நான்காம்_விரல்:
சில நோயாளிகளுக்குப் போதும். அவர்களை நானே பிசியோதெரபிஸ்டிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் கால் திடீரென உறைந்து நின்றுவிடும்போது, மெட்ரோனோம் அவருக்காகக் காத்திருக்காது. கிட்டாரோடு பக்கத்தில் நடக்கும் நான் அந்த நொடியில் வாசிப்பை நிறுத்தி, அவர் உடல் எடையை மற்றக் காலுக்கு மாற்றும்வரை காத்து, பிறகு தாளத்தின் முதல் தட்டை அழுத்தி வாசிக்கிறேன்.

பழைய_தம்புரா:
ஆறு ஆண்டுகள் இவ்வேலையைச் செய்துவிட்டு விலகியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் இருவரும் பேசாமல் விட்ட பக்கம் இது. நான் விலகியது சான்று போதாமையால் அல்ல. நிரந்தரப் பணியிடம் அரிது என்பதால் வாரத்துக்கு மூன்று இடங்களில் பகுதிநேரம் பார்த்தேன். கிட்டார், கைமேளம், சிறு கீபோர்டு ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அவற்றைக் கிருமிநாசினியால் துடைத்து, ஒவ்வோர் அமர்வுக்கும் குறிப்பு எழுதி, அதன் நடுவே "எங்களுக்கும் ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று கேட்கும் ஊழியர்களிடம் சிரித்துவிட்டு நகர வேண்டும். ஒருமுறை நான் தொடங்கிய மெட்டு, ஒரு மூதாட்டியின் மறைந்த கணவர் பாடிய பாட்டாம். அவர் அழுத அழுகையை நிறுத்த அரை மணி நேரம் ஆயிற்று. முன்கூட்டியே குடும்பத்தாரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. அமெரிக்காவில் பட்டப்படிப்போடு 1,200 மணி நேரக் களப்பயிற்சி கேட்பதும், பிரிட்டனில் பதிவு பெறாதவர் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதைச் சட்டம் தடுப்பதும் இதற்காகத்தான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

சான்றெங்கே:
பதிவும் தேர்வும் உள்ள நாடுகளில் எனக்கு எதிர்ப்புக் குறைவு. வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, இந்த நோய்க்கு இந்தப் பாட்டு என்று பட்டியல் நீட்டுபவரையும் உங்களையும் ஒரே பெயரால் அழைக்க முடிகிற இடங்களில், என் ஐயம் அப்படியே இருக்கும்.

கீபோர்டு_ஆசிரியன்:
மூவருக்கும் நன்றி. சேரும் முன் சில அமர்வுகளை நேரில் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஐயம்: நோயாளி இசையே வேண்டாம் என்றால்?

நான்காம்_விரல்:
கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, அவர் விரும்பினால் சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குறிப்பேட்டில் "இன்று மறுத்தார்" என்று எழுதி, நேரத்தையும் குறிப்பேன். கடந்த மாதம் மட்டும் அப்படி நான்கு பதிவுகள்.