ரம்யாவின் செமினார்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

ரம்யா: எல்லோருக்கும் வணக்கம். கதிர்வீச்சு உடலில் என்ன செய்கிறது என்று அடுத்த வாரம் கல்லூரியில் செமினார் எடுக்க வேண்டும். மல்லிகா அத்தை, எதிலிருந்து படிக்கத் தொடங்கட்டும்? தேடினால் பயமுறுத்தும் காணொளிகள்தான் வருகின்றன.

செல்வம்: மலை ஏற ஏற வானத்துக் கதிர்வீச்சு கூடுமாம், ஊட்டிக்காரர்களுக்குப் புற்றுநோய் உறுதியாம். ஒருவர் அனுப்பினார். இங்கும் போடுகிறேன்.

மல்லிகா: போடாதே செல்வம். அதில் எத்தனை மில்லிசீவர்ட் என்று, அதாவது உடலில் ஏறும் கதிர்வீச்சின் அளவு, எழுதியிருக்கிறதா?

செல்வம்: இல்லை அக்கா. மூன்று மண்டையோட்டுப் படம் இருக்கிறது.

மல்லிகா: அளவு சொல்லாத செய்தியை நான் படிப்பதே இல்லை. உயரத்தில் கூடும் என்பது உண்மைதான். மெக்சிகோ நகரமும் ஊட்டியும் ஒரே உயரம், சுமார் 2,240 மீட்டர். அங்கே விண்வெளிக் கதிர்களால் ஆண்டுக்குச் சுமார் 0.8 மில்லிசீவர்ட், கடல் மட்டத்தில் 0.3. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே இன்னும் குறையும். மண், காற்று, உணவு எல்லாம் சேர்த்து 2008 அறிக்கைக் கணக்கில் உலக சராசரி ஆண்டுக்கு 2.4.

ரம்யா: இந்த எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள் அத்தை?

மல்லிகா: அன்ஸ்கியர் அறிக்கைகள். ஐ.நா. 1955இல் இதற்காகவே அமைத்த அறிவியல் குழு. எல்லாம் இலவசம். தடிமனைப் பார்த்து மிரளாதே, சுருக்கத்தையும் அட்டவணைகளையும் முதலில் பார். பிறகு ஹிரோஷிமா, நாகசாகி ஆய்வு. அதுதான் இந்தத் துறையின் முதுகெலும்பு. சுமார் 1,20,000 பேரை 1950இலிருந்து பின்தொடர்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் முதலில் தலைகாட்டியது, மற்றவை பல ஆண்டுகள் கழித்து. தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளிடம் மரபுவழிப் பாதிப்பு கூடியதாக இதுவரை தெரியவில்லை. இதைச் சொன்னால் வகுப்பில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆதாரத்தோடு போ.

கண்ணன்: பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே அத்தை. கேரளத்தில் கருநாகப்பள்ளி, மோனசைட் மணல்.

மல்லிகா: சரியாகச் சொன்னாய். கதிர்வீச்சு வெளிவிடும் தோரியம் கலந்த மணல். அங்கு வாழ்பவர்களிடம் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் ஆய்வு வெளியானது. ஆனால் ரம்யா, அதை மட்டும் வைத்து "குறைந்த அளவு தீங்கே இல்லை" என்று முடித்துவிடாதே. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத்துறைத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. குறைந்த அளவுகளில் நிபுணர்களே முட்டிக்கொள்கிறார்கள். செமினாருக்கு அந்தச் சண்டைதான் உயிர்.

செல்வம்: ஊட்டிப் பக்கம் முத்தோரையில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறதே ரேடியோ தொலைநோக்கி, அது என்ன அனுப்புகிறது?

கண்ணன்: ஒன்றும் அனுப்பாது சித்தப்பா. வானத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ரேடியோ அலைக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் பலமும் கிடையாது. விண்வெளிக் கதிர்களை அளப்பது ஊட்டியிலேயே இருக்கும் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம்.

மல்லிகா: எக்ஸ்ரேயால் பழ ஈக்களில் மரபணு மாற்றம் வரும் என்று முல்லர் என்ற விஞ்ஞானி 1927இல் காட்டினார். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் செல் எப்படித் திணறுகிறது என்பதை அதன் பிறகு வைத்துக்கொள். வரம்புகளுக்கு ஐ.சி.ஆர்.பி., அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையத்தின் பக்கம்: பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், கதிர்வீச்சோடு வேலை செய்து, அதை அளக்கும் பேட்ஜ் குத்திய எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. இயற்கையில் வருவதும் சிகிச்சைக்காக வாங்குவதும் இந்தக் கணக்கில் சேராது. பாதிப் பேர் இங்கேதான் குழம்புவார்கள்.

செல்வம்: அக்கா, போன மாதம் எனக்கு வயிற்றில் சி.டி. எடுத்தார்களே?

மல்லிகா: சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் இருக்கும். காரணத்தோடுதான் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை, அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் முதலில் அதைக் காட்டு. நோயாளிகளுக்கென்றே சர்வதேச அணுசக்தி முகமை எளிய கேள்வி பதில் வைத்திருக்கிறது. ரம்யா, அதைச் சித்தப்பாவுக்கு அனுப்பு.

ரம்யா: அனுப்புகிறேன். சித்தப்பா, உங்கள் ஸ்கேனை எடுத்துக்காட்டாகச் சொல்லட்டுமா?

செல்வம்: சொல். பெயரை மட்டும் போடாதே.